ஐந்தெழுத்துக்கும் பல் வேண்டும்

தேவர்களுள் பல் இழந்தவர் ஒருவர் உண்டு. மயிலாடுதுறைக்கு அருகில், அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய திருப்பறியலூரைத் தரிசித்து வந்த அன்பர்கள் அந்த வரலாற்றை அறிவார்கள். சிவபெருமானை அழையாமல் தக்கன் நடத்திய வேள்வியை அழிக்க வீரபத்திரர் எழுந்தருளினார். தக்கன் இறைவனை நிந்தித்தபோது பல் தெரியச் சிரித்தவர், பன்னிரு ஆதித்தர்களுள் ஒருவரான பூஷன். அவருடைய பற்கள் அங்கேயே உதிர்க்கப்பட்டன. பின்னர் இறைவன் சினம் தணிந்து எல்லோருக்கும் அருள்புரிந்தார். தலையை இழந்த தக்கனுக்குக்கூட ஆட்டுத் தலை ஒன்று கிடைத்தது. பூஷனுக்கோ பல் திரும்பவில்லை. மாவாக அரைத்ததை உண்டு வாழ்வாயாக என்பதே அவருக்கு வாய்த்த ஏற்பாடு என்கிறது பாகவதம். வேள்வியில் பூஷனுக்கு மாவினால் ஆன அவிசு இடுவதற்கும் அவர் பல்லில்லாதவர் என்பதையே காரணமாகக் கூறுவர்.

தேவருக்கே பல் மீளவில்லை என்றால் நம் நிலை என்ன? பாற்பல் விழுந்தால் மறுபல் முளைக்கும். அதுவும் விழுந்தால் பிறகு முளைப்பது எதுவும் இல்லை.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் பிறப்பதற்குத் துணையாகும் எட்டு உறுப்புகளுள் பல்லையும் ஒன்றாக எண்ணுகிறது. நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்த நகரம் பிறக்கிறது. மேற்பல்லும் கீழிதழும் கூட வகரம் பிறக்கிறது. நமசிவாய என்னும் திருவைந்தெழுத்தில் இரண்டு எழுத்துகள் பல்லை வேண்டி நிற்பதை இதனால் அறியலாம். நாராயணா என்னும் திருநாமத்தின் முதலெழுத்தும் அதே நகரம்தான். குழறிச் சொன்னாலும் இறைவன் ஏற்பான், அதில் ஐயமில்லை. ஆனால் சொல்பவருக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. கூட்டு வழிபாட்டில் முன்வரிசையில் கணீரென்று சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தவர் பின்வரிசைக்குப் போகிறார். பிறகு வாயை மட்டும் அசைக்கிறார். சில மாதங்களில் வருவதையே நிறுத்திக்கொள்கிறார். இப்படி மெல்ல ஒதுங்கிப்போன முதியோரை ஒவ்வோர் ஊர்க் கோயிலிலும் காணலாம்.

உணவிலும் இதே கதைதான். முதலில் முறுக்கும் வேர்க்கடலையும் விலகும். அதைப் பெரிய இழப்பாக யாரும் கருதுவதில்லை. அடுத்து சுண்டல், கீரைத்தண்டு, பொரியல் ஆகியவை விலகும். இறுதியில் எஞ்சுவது குழைந்த சோறும் பாலில் ஊறிய ரொட்டியும் பிஸ்கட்டும். நீரிழிவு உள்ளவருக்கு இதைவிடப் பொருந்தாத உணவு வேறில்லை.

"வயதானால் பல் விழத்தானே செய்யும்" என்று சொல்லி நாம் ஆறுதல் அடைகிறோம். அது உண்மையன்று. ஜப்பான் நாட்டில் 1989-ஆம் ஆண்டு அரசும் பல் மருத்துவர் சங்கமும் சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கின. 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்பதே அதன் இலக்கு. 8020 என்றே அதற்குப் பெயர். இருபது பற்கள் இருந்தால் ஏறக்குறைய எல்லா உணவையும் மென்று உண்ணலாம் என்பது கணக்கு. தொடங்கிய காலத்தில் அந்நாட்டு எண்பது வயதினருள் பத்தில் ஒருவருக்குக்கூட அத்தனை பற்கள் இல்லை. 2016-ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் பாதிப்பேருக்கு மேல் அந்த இலக்கை எட்டியிருந்தார்கள். ஒரு தலைமுறைக் காலத்தில் மனித உடல் மாறிவிடாது. மாறியது பழக்கம்தான்.

முதுமையில் பெரும்பாலும் பல்லுக்கு முன் கெடுவது ஈறு. பல்லின் மீது ஒட்டும் மெல்லிய அழுக்குப் படலம், துலக்காமல் விட்ட சில நாட்களிலேயே கெட்டிப்பட்டுக் காரையாகிறது. காரை ஈற்றின் விளிம்புக்கு உள்ளே இறங்கினால், கிருமிகள் அங்கே தங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. இதில் வலி இராது. வங்கியில் சிறு கடன் ஒன்றை வாங்கிவிட்டு மறந்துபோனவரின் கணக்கில் வட்டி ஏறுவதுபோல, ஓசையில்லாமல் பல்லாண்டு ஏறிக்கொண்டே போகும். பல் ஆடத் தொடங்கும்போதுதான் அறிவிப்பு வருகிறது. அதற்கு முன்பே வரும் அடையாளம் ஒன்று உண்டு. துலக்கும்போது ஈற்றில் இரத்தம் கசிவது. நம்மவர் அதைக் கண்டதும் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த இடத்தைத்தான் மென்மையாகவும் தவறாமலும் தூய்மை செய்ய வேண்டும். இரண்டு வாரங்களில் கசிவு நிற்கவில்லையெனில் மருத்துவரிடம் போக வேண்டும்.

போனால் அவர் காரையை எடுக்கச் சொல்வார். உடனே, "சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும்" என்ற பழைய பேச்சு குறுக்கே வரும். பல இடுக்குகளில் காரைதான் சுவர்போல் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்தவுடன் இடைவெளி தெரிகிறது. நாவுக்குப் புதிதாக இருக்கிறது. சில நாட்கள் பல் கூசுகிறது. எலும்பு முன்பே கரைந்திருந்தால் ஆட்டமும் அப்போதுதான் புலப்படும். பழியை ஏற்பது மட்டும் சுத்தம் செய்த மருத்துவர்.

நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. சர்க்கரை கட்டுப்படாதவருக்கு ஈறு விரைவில் கெடும். ஈறு கெட்டவருக்குச் சர்க்கரை எளிதில் கட்டுப்படாது. மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகும் அன்பர்கள் ஒருமுறை வாயையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. இரத்தக் கொதிப்புக்குப் பலர் உட்கொள்ளும் அம்லோடிபின் சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்யும். வேறு பல மாத்திரைகள் உமிழ்நீரை வற்றச் செய்யும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் அவர் மாற்றுவதற்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பார்.

நாள்தோறும் செய்ய வேண்டியது அதிகமில்லை. காலையில் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை, இரண்டு நிமிடம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய இயலும் என்பவருக்கு நான் இரவையே பரிந்துரைப்பேன். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், ஒட்டியிருக்கும் உணவு விடியும்வரை தடையின்றித் தீங்கு செய்யும். நம் மரபில் பல் துலக்குவது விடியற்காலைக் கடமையாகவே கருதப்பட்டுவிட்டது. அந்த வழக்கம் அப்படியே இருக்கட்டும். இரவையும் அதனுடன் சேர்த்துக்கொண்டால் போதும்.

துலக்கும் முறையில் முதியோர் பலரிடம் காணும் குறை ஒன்று உண்டு. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் பல்லையும் அழுத்தித் தேய்ப்பார்கள். பித்தளைக்கு அது பொருந்தும். பல்லின் கழுத்துப் பகுதி அதனால் தேய்ந்து குழிவிழும். ஈறு மேலேறி வேர் வெளிப்படும். பிறகு குளிர்ந்த தீர்த்தம் பட்டாலும் கூசும். மென்மையான இழைகள் உள்ள பிரஷ்ஷை வாங்கி, ஈறும் பல்லும் கூடும் இடத்தில் சற்றே சாய்த்து வைத்து, சிறு சிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றுவது முறை. இழைகள் அதற்கு முன்பே விரிந்துவிட்டால் நீங்கள் அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று பொருள். இடுக்கில் சிக்கியதை ஊக்காலும் குண்டூசியாலும் ஈர்க்குச்சியாலும் குத்தி எடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பல்லிடுக்கைத் துடைப்பதற்கென்றே மெல்லிய சிறு பிரஷ்கள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன.

விரத நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏகாதசி, சிராத்த தினம் முதலிய நாட்களில் குச்சியால் பல் துலக்குவதைத் தர்ம சாத்திரங்கள் விலக்குகின்றன. அதைக் கொண்டு, அந்நாட்களில் வாயைத் தூய்மை செய்வதே கூடாது என்று இருந்துவிடுவோர் உண்டு. சாத்திரம் அவ்வாறு சொல்லவில்லை. குச்சி விலக்கப்பட்ட நாளில் பன்னிரண்டு முறை நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று அதே சாத்திரம் விதிக்கிறது. விலக்கு நினைவில் நின்றுவிட்டது, விதி மறந்துபோயிற்று. பன்னிரண்டு வாய் நீரை, ஒவ்வொன்றையும் கன்னம் நிறைய வைத்து, பல்லிடுக்கெல்லாம் பாயும்படி அலசி உமிழ்ந்து பாருங்கள். அது ஒரு சடங்குக்காகச் சொன்ன எண்ணிக்கை அன்று என்பது விளங்கும். பசை இல்லாமல், நீரில் நனைத்த பிரஷ்ஷால் மெல்லத் துடைத்துக்கொள்ளலாமா என்பதை அவரவர் குடும்ப வழக்கை அறிந்த பெரியவரிடமோ வாத்தியாரிடமோ கேட்டுத் தெளிக.

என்றோ ஒரு நாள் துலக்காவிடில் பல்லுக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. ஆனால் ஏகாதசி இரண்டு, பிரதோஷம் இரண்டு, சஷ்டி, சதுர்த்தி, கிருத்திகை, அமாவாசை என்று எல்லாவற்றையும் அனுசரிக்கும் அன்பருக்கு மாதத்தில் எட்டு நாட்கள் ஆகின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. பகலெல்லாம் பட்டினி இருந்து, இரவில் சர்க்கரை சேர்த்த பாலும் வாழைப்பழமும் உண்டு, அப்படியே கண்ணயர்ந்துவிடுவோர் பலர். கந்த சஷ்டியின் ஆறு நாட்களும் இப்படியே கழியும். வறண்ட வாயில் பாலும் பழமும் இரவு முழுவதும் தங்குவது பல்லுக்குக் கேடு. உண்டபின் நீர் கொப்பளித்துவிட்டுப் படுப்பது எந்த விரதத்துக்கும் பங்கம் ஆகாது.

பிரசாதத்தைப் பற்றி இங்கே எழுத நேர்வதற்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். பஞ்சாமிர்தமும் சர்க்கரைப் பொங்கலும் உண்பதில் குற்றமில்லை. இனிப்பு வாயில் படும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரைமணி நேரம் பல் அமிலத்தில் நனைகிறது. ஆகவே எவ்வளவு உண்டோம் என்பதைப் போலவே எத்தனை முறை உண்டோம் என்பதும் முக்கியமாகிறது. கிடைத்த பிரசாதத்தை ஒரே வேளையில் உண்டு நீர் அருந்திவிட்டால் தீங்கு குறைவு. நாள் முழுதும் கிள்ளிக் கிள்ளி வாயில் இட்டுக்கொண்டிருப்பதே தீங்கு. அதனினும் கேடானது, வாய் வறள்கிறது என்று உபந்நியாசம் முடியும்வரை கற்கண்டைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது. அந்தக் கன்னத்தை ஒட்டிய பல்லின் வேர்ப்பகுதி கறுத்துச் சொத்தையாவதைப் பல் மருத்துவர் பார்த்தவுடன் கண்டுகொள்வார். வறட்சிக்கு ஒரு செம்பு நீரை அருகில் வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒரு மிடறு பருகலாம். சர்க்கரை பூசாத சோம்பு சிறிது மெல்லலாம்.

தாம்பூலத்தை இறைவனுக்குப் படைப்பதும் விருந்தினருக்கு அளிப்பதும் வேறு. வேளைதோறும் பாக்கு மெல்லுவது வேறு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பு, புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. இதற்குமேல் எழுதத் தேவையில்லை.

இனி, கடையில் வாங்கும் பொருள்கள். கையெழுத்திடும் முன் பத்திரத்தைப் படியுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தவன் நான். பற்பசைப் பெட்டிக்கும் அதையே சொல்வேன். ஃபுளூரைடு பல்லின் மேற்பூச்சை உறுதியாக்கும். ஈறு இறங்கி வேர் வெளிப்பட்ட முதியோருக்கு அது இளையோரைவிடக் கூடுதலாகத் தேவை. ஏனெனில் வேரின் மீது அந்தக் கெட்டியான மேற்பூச்சு இல்லை. நம் நாட்டு விதிகளின்படி பற்பசையில் ஃபுளூரைடு 1000 பிபிஎம் அளவை மீறக் கூடாது. அந்த அளவையும் காலாவதி நாளையும் குழாயிலும் பெட்டியிலும் அச்சிட வேண்டும். ஆகவே கண்ணாடியை அணிந்துகொண்டு அந்த எண்ணைத் தேடுங்கள். மூலிகைப் பற்பசை என்ற பெயரில் வருபவற்றுள் பலவற்றில் ஃபுளூரைடு இராது. துலக்கியபின் நுரையை உமிழ்ந்துவிட்டு, நிறைய நீர் விட்டு அலசாமல் விட்டால் அது பல்லில் சிறிது நேரம் தங்கி வேலை செய்யும்.

"தருமபுரிப் பக்கத்தில் ஃபுளூரைடால்தானே பல் காவியேறி எலும்பு வளைந்தது, அதையா வாயில் இடச் சொல்கிறீர்?" என்று கேட்பது நியாயம். அங்கே நிலத்தடி நீரில் கலந்திருந்த ஃபுளூரைடை மக்கள் பிறந்தது முதல் குடித்தார்கள். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பல்லில் காவிக்கறை ஏறுவது குழந்தைப் பருவத்தில், பல் உருவாகும் காலத்தில் விழுங்கிய ஃபுளூரைடால். அறுபது வயதில் துலக்கி உமிழ்வதால் அது நேராது. பேரக் குழந்தைகள்தாம் கவனத்துக்கு உரியவர்கள். அவர்களுக்குப் பட்டாணி அளவு பசை போதும். மூன்று வயது நிரம்பாத மழலைக்கு அரிசியளவு. பெரியவர் ஒருவர் அருகில் நின்று, விழுங்காமல் உமிழச் செய்ய வேண்டும்.

குழாயின் அடியில் பச்சைக் கட்டம் இருந்தால் இயற்கை, கறுப்பு இருந்தால் இரசாயனம் என்று கைப்பேசியில் ஒரு செய்தி ஆண்டுதோறும் சுற்றுகிறது. குழாயை எந்த இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டும் என்று இயந்திரத்துக்குக் காட்டும் குறி அது. பசையின் தன்மைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. வெண்மையாக்கும் பசை, கரி சேர்ந்த கறுப்புப் பசை ஆகியவை தேய்ந்த பல்லை மேலும் உராயும். நம் வயதுக்கு அவை வேண்டா. கூச்சத்துக்கென்று வரும் பசைகள் பயன் தரும். ஆனால் இரண்டு மூன்று வாரம் விடாமல் பயன்படுத்தினால்தான் பலன் தெரியும். வாய் கொப்பளிக்கும் மருந்துகளுள் ஆல்கஹால் கலந்தவை வறண்ட வாயை மேலும் வறட்டும். குளோர்ஹெக்சிடின் என்ற மருந்தை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். நீட்டித்தால் பல்லில் கறை படியும்.

பற்பொடிக்குப் பழகிய விரலை மாற்றுவது கடினம் என்பதை உணர்கிறேன். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றிய பழமொழி பொய்யன்று. அன்று அவர்கள் புதிய குச்சியை மென்று, நார் பிரித்து, பொறுமையாகத் துலக்கினார்கள். அந்த மரங்களின் பெயரை மட்டும் பெட்டியில் அச்சிட்ட பொடி அதற்கு ஈடாகாது. காவிக்கல் சேர்ந்த சிவப்புப் பொடி, அடுப்புக்கரி, செங்கல் தூள், பொடிக்காத உப்பு ஆகியவை எல்லாம் உராய்ந்து தேய்ப்பவை. புகையிலை கலந்த பற்பொடியையும் பற்பசையையும் செய்வதும் விற்பதும் 1992-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டன; உச்ச நீதிமன்றமும் அத்தடையை உறுதி செய்தது. ஆயினும் புகையிலையைப் பொடித்துப் பல்லில் தேய்க்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் மறையவில்லை. காலையில் அது இல்லாவிடில் வயிறு இளகாது என்பார்கள். அது புகையிலை பிடித்த பிடியேயன்றிப் பல்லுக்கான மருந்தன்று. பொடிதான் வேண்டும் என்பவர், பொடியால் ஈற்றை விரல்கொண்டு மெல்ல நீவிவிட்டு, பல்லுக்குப் பிரஷ்ஷையும் பசையையும் வைத்துக்கொள்ளலாம். பொடி நைசாக இருக்க வேண்டும். விரலிடையே தேய்த்தால் மணல்போல் நெருடக் கூடாது.

பல் வலிக்குக் கிராம்புத் தைலம் சிறிது நேர ஆறுதல் தரும். பஞ்சில் நனைத்து மணிக்கணக்கில் வைத்தால் ஈற்றைப் புண்ணாக்கும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரத்தில் அடக்கிக்கொள்வதும் அவ்வாறே. இடது கீழ்த்தாடையில், நடக்கும்போது வந்து நின்றால் தணியும் வலி பல்வலியாக இல்லாமல் இதயத்தின் அறிவிப்பாகவும் இருக்கலாம். அங்கே கிராம்பைத் தேடிக்கொண்டிராமல் உடனே இதய மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பல்செட் அணிந்த அன்பர்கள் அதை இரவில் கழற்றி, மென்மையான பிரஷ்ஷாலும் சோப்பாலும் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, வடிவம் திரியும். பற்பசையும் கூடாது, கீறல் விழும். கழற்றாமல் உறங்கும் மிக மூத்த வயதினருக்கு நுரையீரல் அழற்சி அதிகமாக வருவதை ஜப்பானிய ஆய்வு ஒன்று கண்டிருக்கிறது. பல்செட் உராய்ந்த புண்ணோ வேறு எந்தப் புண்ணோ, வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுக.

ஓய்வூதியம் பெறுவோர் நவம்பர் மாதம் உயிர்வாழ்ச் சான்று அளிக்கத் தவறுவதில்லை. அந்த மாதத்திலேயே பல் மருத்துவரையும் பார்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மே மாதத்தில் மறுமுறை பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரத்துக்கு ஆடல்வல்லானைத் தரிசிக்கச் செல்வோர் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் இதையும் முடித்துக்கொள்ளலாம்.

செல்லும்போது மாத்திரைச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போல் இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மருந்துகள், எலும்புத் தேய்வுக்குப் போடும் மாத்திரை அல்லது ஊசி, இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருப்பது ஆகியவற்றைப் பல் பிடுங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். எதையும் நாமாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. பல்செட் உள்ளவர்கள் அதைக் காகிதத்தில் சுற்றிப் பையில் எடுத்துச் செல்லாமல் அணிந்தே செல்லட்டும். எங்கே அழுத்துகிறது என்பது வாயில் இருக்கும்போதுதான் மருத்துவருக்குப் புலப்படும்.